ஆராய்ச்சியும் மருத்துவரின் வேலைதான்

எம்.பி.பி.எஸ். படிக்கும் ஒரு மாணவர் தனக்கு ஆராய்ச்சியில் நாட்டம் இருப்பதாகச் சொன்னால், நம் ஊரில் அவருக்குக் கிடைக்கும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "அதற்கு எதற்கு மெடிக்கல் சீட்டு? பி.எஸ்சி. படித்திருக்கலாமே." வீட்டில் இதை ஆதங்கமாகச் சொல்கிறார்கள், கல்லூரியில் அறிவுரையாகச் சொல்கிறார்கள். பொதுவெளியில் இதே பேச்சு கோபத்தோடு வருகிறது. ஓர் அரசு மருத்துவ இடத்துக்காக மக்களின் வரிப்பணம் லட்சக்கணக்கில் செலவாகிறது. அந்த இடம் கிடைக்காமல் எத்தனையோ பிள்ளைகள் மனமுடைந்து நிற்கிறார்கள். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவர் போதவில்லை. இந்த நிலையில் ஒருவர் நோயாளியை விட்டுவிட்டு ஆய்வகத்தில் போய் உட்கார்ந்தால் அது சமூகத்துக்குச் செய்யும் துரோகம் என்கிறார்கள். இப்படிப் பேசுகிறவர்கள் கெட்ட எண்ணத்தில் பேசுவதில்லை. ஏழை நோயாளியின் பக்கம் நின்றுதான் பேசுகிறார்கள். அதனாலேயே இதற்கு விரிவாகப் பதில் சொல்லியாக வேண்டும். ஏழை நோயாளியின் பக்கம் நின்று பார்த்தாலே இந்தக் கருத்து தவறு என்பது என் வாதம். தன் மருத்துவர்களில் ஒரு சிறு பகுதியினரையாவது ஆராய்ச்சியாளர்களாகவும் வளர்த்தெடுக்காத நாடு, வேறொரு நாட்டு நோயாளிக்காகக் கண்டுபிடித்த வைத்தியத்தின் தயவில் தன் நோயாளிகளை விட்டுவிடுகிறது.

மருத்துவ அறிவு எங்கோ தயாராகிவிடும், இங்கே அதைப் படித்துக் கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கைதான் இந்தக் கருத்துக்கு அடித்தளம். லண்டனிலோ பாஸ்டனிலோ யாரோ கண்டுபிடிப்பார்கள், பாடப்புத்தகத்தில் ஏறும், நம் மருத்துவர் அதை மருந்துச்சீட்டில் எழுதுவார். இது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்கச் சென்னையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1950-களின் நடுவில் காசநோய்க்கு நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஆனாலும் நோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்கவைத்து, ஓய்வும் சத்துணவும் நர்சுகளின் கவனிப்பும் கொடுத்து, வீட்டாரிடமிருந்து பிரித்துவைத்து வைத்தியம் செய்வதுதான் முறை என்று மேலை நாடுகள் நம்பின. இந்தியாவில் இருந்த காசநோயாளிகளுக்கு அத்தனை படுக்கைகளை எந்த அரசாலும் போட்டுத் தந்திருக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், அந்த நம்பிக்கையையே சோதனைக்கு எடுத்துக்கொண்டது. நகரத்தின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். இரு தரப்புக்கும் ஐசோநியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும் ஓராண்டுக்குக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு வாய்த்தது நெரிசலான குடித்தனமும் அரைகுறைச் சாப்பாடும்தான். 1959-ல் முடிவு வெளியானபோது, குணமானவர்களின் விகிதம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வீட்டில் வைத்தியம் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதும் அடுத்தடுத்த ஆண்டுகளில் உறுதியானது. சானடோரியக் காலம் உலகெங்கும் முடிவுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. நேரில் பார்த்து, வாரம் இருமுறை மருந்து கொடுக்கும் முறையையும் அதே மையம்தான் 1964-ல் நிலைநாட்டியது. பிற்காலத்து டாட்ஸ் திட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. இந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் முக்கியமானவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. விடை தேட அவரும் சென்னைக்கு வந்தாக வேண்டியிருந்தது.

அதே தமிழ்நாட்டிலிருந்து இன்னும் இரண்டு சான்றுகள். பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயை மிகச் சிறப்பாகத் தடுத்தது. இங்கும் அப்படித்தான் தடுக்கும் என்று நம்பியிருக்கலாம். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கி லட்சக்கணக்கான மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அந்த ஊசி இங்கே பயன் தரவில்லை என்று 1979-ல் சொன்னது. குழந்தைகளைத் தாக்கும் கடுமையான வகைகளைத் தடுக்கிறது என்பதற்காகவே இன்றும் பிறந்த குழந்தைக்கு அதைப் போடுகிறோம். போலியோ சொட்டு மருந்தின் கதையும் இதுதான். மூன்று தவணை போதும் என்பது வெளிநாட்டு அனுபவம். வேலூர் சி.எம்.சி.யில் குழந்தை மருத்துவராகவும் வைரஸ் ஆய்வாளராகவும் இருந்த டி. ஜேக்கப் ஜான், மூன்று தவணை முடித்த நம் குழந்தைகளில் கணிசமானோருக்கு எதிர்ப்பாற்றல் உருவாகவில்லை என்று 1970-களிலேயே காட்டினார். கூடுதல் தவணைகள் தேவை என்று விடாமல் வாதாடினார். தவணை முடித்த பிள்ளைக்கே கால் சூம்பிப் போவதைப் பார்க்கிற குழந்தை மருத்துவருக்குத்தான் அந்தச் சந்தேகம் உறைக்கும். பிறகு பல்ஸ் போலியோ வந்தது, திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து கொடுத்தோம், 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்றது. மூன்று தவணையே வேதம் என்று பாடப்புத்தகத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்த நாள் எவ்வளவு தள்ளிப்போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

இவையெல்லாம் பழங்கதை, இன்று நிலைமை வேறு என்று ஒருவர் சொல்லக்கூடும். சர்க்கரை நோய் ஓ.பி.க்குப் போவோம். ஒல்லியான, இளவயதான, வறுமையில் வளர்ந்த ஒருவர் வருகிறார். ரத்தத்தில் சர்க்கரை மிக அதிகம். முதல் வகை என்று சொல்லலாம் என்றால், அந்த வகையில் எதிர்பார்க்கும் கீட்டோன் ஏற்றம் இவருக்கு இல்லை. இரண்டாம் வகை என்றால் உடல் பருமனும் இல்லை, இன்சுலினுக்கு உடல் மசியாத தன்மையும் இல்லை. இப்படிப்பட்டவர்களை 1955-லேயே ஜமைக்காவில் கவனித்திருக்கிறார்கள். ஊட்டச்சத்துக் குறைவால் வரும் சர்க்கரை நோய் என்று 1985-ல் உலக சுகாதார நிறுவனம் தனி வகையாக ஏற்றது. சான்று போதாது என்று 1999-ல் பட்டியலிலிருந்து நீக்கியது. பட்டியல்தான் மாறியது. வேலூரில் அந்த நோயாளிகள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். சி.எம்.சி.யின் நிஹால் தாமஸ் குழுவும் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியின் மெரிடித் ஹாக்கின்ஸும் சேர்ந்து, இவர்களுக்கு இன்சுலின் சுரப்பதிலேயே கடுமையான குறை இருப்பதை நுட்பமான அளவீடுகளால் 2022-ல் நிறுவினார்கள். 2025 ஏப்ரலில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது. இது வெறும் பெயர்சூட்டல் இல்லை. இப்படிப்பட்டவருக்கு முதல் வகைக்குரிய அளவில் இன்சுலினை ஏற்றினால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதிலும் அடுத்த வேளைச் சாப்பாடு நிச்சயமில்லாதவருக்கு. பணக்கார நாடுகளின் மருத்துவமனைகளுக்கு இந்த நோயாளி போவதே அரிது. நாம் கேட்காவிட்டால் இவருக்காகக் கேட்க உலகில் வேறு ஆள் இல்லை.

சரி, ஆராய்ச்சி வேண்டும்தான், அதை முழுநேர விஞ்ஞானிகள் செய்யட்டுமே, மருத்துவர் எதற்கு என்பது அடுத்த கேள்வி. எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்த விஞ்ஞானிகளைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. மருத்துவம் இன்று நிற்பதில் பாதி அவர்களால்தான். எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளுக்கு வழிதிறந்ததற்காக 2023-ல் நோபல் பரிசு பெற்ற இருவரில் கேட்டலின் கரிக்கோ உயிர்வேதியியலாளர், ட்ரூ வெய்ஸ்மன் மருத்துவப் பட்டமும் ஆய்வுப் பட்டமும் பெற்றவர். இரண்டு விதமான பயிற்சி ஒரே மேசையில் சந்தித்ததால்தான் அது நடந்தது. மருத்துவரிடம் இருப்பது கூடுதல் அறிவு என்று சொல்லவில்லை. வேறு யாருக்கும் கிடைக்காத ஓர் இடத்தில் அவர் நிற்கிறார். நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, கேஸ் ஷீட்டைப் புரட்டி, மூன்று வாரம் கழித்து அதே ஆள் திரும்பி வரும்போது மருந்து ஏன் கேட்கவில்லை என்று குழம்புகிறவர் அவர்தான். அந்தக் குழப்பத்தை ஒரு கேள்வியாக்கத் தெரிந்தால் அது ஆராய்ச்சி. தெரியாவிட்டால் மருந்தை மாற்றி எழுதிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1981-ல் பயிற்சி நிலையில் இருந்த பாரி மார்ஷல் என்ற மருத்துவர், தனக்கு ஓர் ஆய்வுப் பணி தேடிக்கொண்டு நோய்க்குறியியல் மருத்துவர் ராபின் வாரனிடம் போனார். இரைப்பைத் திசுவில் தான் கண்ட வளைந்த பாக்டீரியாவைப் பற்றி வாரன் சொல்லிக்கொண்டிருந்ததைப் பலரும் பொருட்படுத்தவில்லை. இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. வயிற்றுப் புண் நோயாளிகள் மார்ஷலிடம் இருந்தார்கள், திசு வாரனிடம் இருந்தது. அந்தப் பாக்டீரியாதான் புண்ணுக்குக் காரணம் என்று இருவரும் சேர்ந்து காட்டினார்கள். வாழ்நாள் முழுக்க மாத்திரை தின்ன வேண்டியிருந்த ஒரு நோய் இன்று இரண்டு வார மருந்தில் தீருகிறது.

மருத்துவர் பற்றாக்குறை என்ற வாதத்துக்கு வருவோம். இதுதான் எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதம், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்பதில்லை. 2014-ல் நாட்டில் சுமார் 51,000 எம்.பி.பி.எஸ். இடங்கள் இருந்தன, பத்தே ஆண்டுகளில் அது 1,10,000-ஐத் தாண்டிவிட்டது. நூற்றுக்கு ஒருவர் ஆராய்ச்சிப் பயிற்சிக்குப் போனாலும் ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் பேர். ஆராய்ச்சியில் உலகத்துக்கே முன்னால் நிற்கும் அமெரிக்காவில்கூட மருத்துவர்களில் ஆராய்ச்சியை முதன்மை வேலையாகக் கொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் தேற மாட்டார்கள். அவர்களும் நோயாளியைப் பார்ப்பதை நிறுத்திவிடுவதில்லை; வாரத்தில் சில நாள் ஓ.பி., மற்ற நாள் ஆய்வு. கிராமத்தில் மருத்துவர் இல்லாததற்குக் காரணம் ஆய்வகங்கள் அவர்களை விழுங்கிவிட்டதல்ல. குடியிருப்பு வசதி, சம்பளம், பிள்ளைகளின் படிப்பு, மேற்படிப்பு ஆசை என்று அதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. நீட் பி.ஜி.க்காக இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு நோயாளியையும் தொடாமல் அறைக்குள் உட்கார்ந்து படிக்கும் மருத்துவர்கள் ஏராளம். மருத்துவ இடம் வீணாகிறது என்று அவர்களைப் பார்த்து யாரும் சொல்வதில்லை. அழகுச் சிகிச்சைக்குப் போகிறவரையும் வெளிநாட்டில் குடியேறுகிறவரையும் சொல்வதில்லை. ஆராய்ச்சிக்குப் போகிற அந்த ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் என்ன நியாயம்?

கைகள் போதாத நெருக்கடியில் ஆராய்ச்சி ஓர் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் 1971-ல் பன்காவ் முகாமில் நடந்ததை அறிய வேண்டும். வங்கதேசப் போரில் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்த அகதிகளிடையே காலரா மூண்டது. ஆட்கள் தரையில் கிடந்தார்கள், நரம்பு வழி ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே போன திலிப் மகலநோபிஸ், கல்கத்தாவில் வாய்வழி நீரேற்றத்தைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்த குழந்தை மருத்துவர். உப்பையும் குளுக்கோஸையும் கணக்கிட்டுக் கலந்து பொட்டலம் கட்டச் செய்தார். தண்ணீரில் கரைத்து வாய்வழியே கொடுக்கச் சொந்தக்காரர்களையே பழக்கினார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அந்த முகாமுக்கு இன்னும் பத்து மருத்துவர்களை அனுப்பியிருந்தால், சலைன் தீர்ந்த பிறகு அவர்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார்கள். குடலில் குளுக்கோஸ் உப்பையும் நீரையும் தன்னோடு உள்ளே இழுத்துப் போகிறது என்ற ஆய்வகத்து அறிவும், நோயாளியின் ஒட்டிய கண்ணைப் பார்த்து எவ்வளவு நீர் போயிருக்கிறது என்று கணிக்கும் வார்டு அனுபவமும் ஒரே ஆளிடம் இருந்தன. இன்று ஒவ்வொரு மருந்துக்கடையிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் தொங்குகிறது.

நம் மருத்துவர்கள் எல்லோரும்தான் தீசிஸ் எழுதுகிறார்களே, இதற்குமேல் என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களும் உண்டு. இங்கே எதிர்த்தரப்பு சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எம்.டி., எம்.எஸ். படிப்பில் தீசிஸ் கட்டாயம். பல இடங்களில் அது ஒரு சடங்கு. முன்னோர் எழுதியதை மாற்றி எழுதி, பைண்டு செய்து, நூலக அலமாரியில் அடுக்குவதோடு அதன் ஆயுள் முடிகிறது. சமீரன் நந்தியும் சக ஆய்வாளர்களும் 2016-ல் வெளியிட்ட கணக்கு இதைவிட வேதனையானது. 2005 முதல் 2014 வரை நாட்டின் 579 மருத்துவ நிறுவனங்களை எடுத்துப் பார்த்தார்கள். 332 நிறுவனங்களிலிருந்து அந்தப் பத்தாண்டுகளில் ஓர் ஆய்வுக் கட்டுரைகூட வரவில்லை. பதவி உயர்வுக்குக் கட்டுரை கட்டாயம் என்று விதி போட்டபோது, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள்தான் பெருகின. எல்லோரையும் கட்டாயப்படுத்துவதால் ஆராய்ச்சி வளராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து ஆராய்ச்சியே வேண்டாம் என்ற முடிவுக்குத் தாவ முடியாது. அதே தீசிஸ் என்ன செய்யும் என்பதற்குச் சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே சான்று இருக்கிறது. 1980-களின் நடுவில் எய்ட்ஸ் மேலைநாட்டு நோய், இந்தியாவில் இல்லை என்பது பரவலான நம்பிக்கை. நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு அதைத் தீசிஸ் தலைப்பாகக் கொடுத்தார். நிர்மலா பாலியல் தொழிலாளர்களைத் தேடிப் போய் ரத்த மாதிரிகள் சேகரித்தார். வைக்க இடமில்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். சென்னையில் பரிசோதனை வசதி கிடையாது. 1986 தொடக்கத்தில் கணவரோடு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டு சேர்த்தார். அங்கே எச்.ஐ.வி. இருப்பது உறுதியானது, இந்தியாவின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுப் பணி முழுவதும் அதற்குப் பிறகுதான் வேகம்பிடித்தது. வழிகாட்டிக்கு ஒரு கேள்வி இருந்தது, மாணவிக்கு அதைத் தொடரும் நெஞ்சுரம் இருந்தது. பைண்டு செய்து அடுக்கிய மற்ற தீசிஸ்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான்.

இந்தக் கேள்வி கேட்கும் குணத்தை நம் பாதை எந்தக் கட்டத்தில் வளர்க்கிறது என்று பார்த்தால், வளர்க்கும் கட்டம் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. நீட் 180 கேள்விகளுக்கு 180 நிமிடம் தருகிறது. நின்று யோசிப்பவர் அதில் பின்தங்குவார். அது தேர்வின் வடிவத்தில் இருக்கும் கட்டுப்பாடு. அதோடு இங்கே சண்டை போடவில்லை. உள்ளே நுழைந்த பிறகு நடப்பதுதான் கவலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-லிருந்து எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு இரண்டு மாத ஆய்வு உதவித்தொகை நடத்திவருகிறது. அந்த இரண்டு மாதத்தில் ஒரு மாணவர் கற்பவை வகுப்பறையில் கிடைப்பதில்லை. சர்க்கரை மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று ஓ.பி. வரிசையில் நிற்கும் ஒரு அம்மாவிடம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். "வேண்டாம்னா சொல்லலாம்மா, வைத்தியம் நிக்காது" என்று அவருக்குப் புரியவைக்க வேண்டும். அவர் சொல்வதை, தான் கேட்க விரும்புவதோடு குழப்பிக்கொள்ளாமல் எழுத வேண்டும். கடைசியில் எண்கள் தன் ஊகத்தைப் பொய்யாக்கினால் அதையும் எழுத வேண்டும். இந்தப் பழக்கம் எந்த மருத்துவருக்கும் தேவையானது, ஆராய்ச்சிக்கே போகாதவருக்கும். ஆனால் இது ஆண்டுதோறும் ஒரு சிறு எண்ணிக்கையினருக்கே கிட்டுகிறது. பிறகு சி.ஆர்.ஆர்.ஐ. எனப்படும் பயிற்சி ஆண்டு வருகிறது. ரத்தம் எடுப்பதும், ரிப்போர்ட் வாங்க ஓடுவதும், ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும் போக மீதி நேரமெல்லாம் கைபேசியில் நீட் பி.ஜி. கேள்விகள். நோயாளியை முதல்முறை பொறுப்போடு பார்க்கும் அந்த ஆண்டில்தான் கேள்விகள் பிறக்க வேண்டும்; அந்த ஆண்டையே நாம் கொள்குறித் தேர்வுக்குத் தின்னக் கொடுத்துவிட்டோம்.

பெற்றோரின் எதிர்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் அதுதான் உண்மை நிலவரத்திலிருந்து பேசுகிறது. பதினெட்டு வயதில் சேர்ந்தால் பயிற்சியோடு எம்.பி.பி.எஸ். முடிய ஐந்தரை ஆண்டு, எம்.டி.க்கு மூன்று ஆண்டு, பிஎச்.டி.க்கு இன்னும் நான்கைந்து ஆண்டு. தேர்வுக்குக் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்தால் முப்பத்தைந்தை நெருங்கிவிடும். இளநிலை ஆய்வாளருக்கான அரசு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதே வயதில் கூடப் படித்தவர் தனியார் மருத்துவமனையில் அதைப்போல் பல மடங்கு சம்பாதிப்பார். முதல் தலைமுறையாகப் படித்து வந்த பிள்ளைக்கு வீட்டுக் கடன், தங்கையின் திருமணம், பெற்றோரின் வைத்தியம் எல்லாம் காத்திருக்கும். "முதலில் நிலைத்து நில்" என்று அந்தப் பெற்றோர் சொல்வதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அவர்கள் சுட்டிக்காட்டுவது பாதையின் குறையைத்தானே? அமெரிக்கா இதே சிக்கலை எதிர்கொண்டு, 1964-ல் மூன்று மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி.யையும் பிஎச்.டி.யையும் இணைத்து ஒரு திட்டம் தொடங்கியது. கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றது, வாழ்க்கைச் செலவுக்கும் பணம் தந்தது. இன்றும் அது சராசரியாக எட்டு ஆண்டு எடுக்கும் நீண்ட பாதைதான். ஆனால் கடனில் மூழ்காமல் நடக்கலாம். பணம் தராத பாதை பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாகிவிடும். அப்படி ஆனால் ஆராய்ச்சிக் கேள்விகளும் அவர்கள் பார்த்து வளர்ந்த நோய்களைச் சுற்றியே அமையும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தந்து மருத்துவக் கல்லூரிக் கதவைத் திறந்த மாநிலம், அந்தப் பிள்ளைகளுக்கு ஆய்வகக் கதவு மட்டும் எட்டாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

இன்னொரு மறுப்பு, கனமானது. ஆராய்ச்சி என்றாலே ஏழைகளைச் சோதனை எலிகளாக்குவது என்ற அச்சம். அது ஆதாரமில்லாத அச்சம் அல்ல. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பழங்குடிச் சிறுமியர் உள்ளிட்டோருக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்ட திட்டம் 2010-ல் நிறுத்தப்பட்டது. விடுதிச் சிறுமியருக்கு ஒப்புதல் பெற்ற விதத்தை நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் கடுமையாகக் கண்டித்தது. அதற்குப் பிறகு விதிகள் இறுகின, 2019-ல் மருந்துப் பரிசோதனைகளுக்குப் புதிய விதிமுறைகள் வந்தன. வெளியில் யாரோ வகுத்த கேள்விக்கு நம் மக்களை எண்ணிக்கையாகச் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாட்டில்தான் இந்த ஆபத்து அதிகம். நெறிமுறைக் குழுவில் உட்கார்ந்து, திட்ட அறிக்கையை வரிவரியாகப் படித்து, "இந்தக் கேள்வியால் எங்கள் நோயாளிக்கு என்ன பயன்?" என்று கேட்கும் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் இருந்தால் அது குறையும். அந்தப் பயிற்சி ஆராய்ச்சி செய்து பார்த்தவருக்கே வரும். ஆராய்ச்சி தெரியாத மருத்துவர்கள் நிறைந்த நாட்டில் ஆராய்ச்சி நின்றுவிடப் போவதில்லை. மற்றவர்கள் வந்து நடத்துவார்கள்.

தொடக்கங்கள் சில இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் எம்.டி.-பிஎச்.டி. உதவித்தொகைகள் உண்டு. 2008-ல் தொடங்கிய டி.பி.டி.-வெல்கம் டிரஸ்ட் இந்தியா அலையன்ஸ் மருத்துவர்களுக்கென்றே ஆய்வு நல்கைகள் தருகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் மருத்துவமனையோடு கூடிய முதுநிலை மருத்துவப் பள்ளி அமைக்க 2022-ல் 425 கோடி ரூபாய் நன்கொடை பெற்றது. சென்னை ஐ.ஐ.டி. 2023-ல் மருத்துவ அறிவியலுக்குத் தனித்துறை தொடங்கியது. முதுநிலை மாணவர்களும் ஆசிரியர்களும் படிக்க வேண்டிய ஆராய்ச்சி அடிப்படைப் பாடத்தைச் சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமே நடத்துகிறது. இவை எல்லாம் நல்லவை, ஆனால் பயிற்சி முடித்தவர் எங்கே போவார் என்ற கேள்வி தொங்கிக்கொண்டிருக்கிறது. கல்கத்தாவின் சம்பு நாத் டே, காலரா கிருமி வெளியிடும் நச்சுதான் குடலைக் கசியவைக்கிறது என்பதை முயலின் குடலில் எளிய சோதனையால் 1959-ல் நிறுவிய மருத்துவர். ஜோஷ்வா லெடர்பர்க் அவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். தன் நாட்டில் ஓர் அறிவியல் அகாடமியின் உறுப்பினர் பதவிகூடக் கிடைக்காமலேயே அவர் 1985-ல் மறைந்தார். இன்றைய இளம் மருத்துவருக்குப் பட்டங்கள்கூட வேண்டாம். நேரமும் பணியிடமும் போதும். காலை முழுவதும் ஓ.பி., மதியம் வார்டு, மாலை வகுப்பு, இரவு டியூட்டி என்று ஓடும் உதவிப் பேராசிரியரிடம் ஆராய்ச்சியும் செய் என்று சொன்னால் மீண்டும் போலிக் கட்டுரைகள்தான் வரும்.

தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆராய்ச்சியும் செய்யும் மருத்துவர்கள் கல்லூரிக்கு இரண்டு பேர் என்றாலும் 72 பேர். வாரத்தில் பாதி நாள் நோயாளிகளைப் பார்க்கவும் மீதி நாள் ஆய்வு செய்யவும் ஆணையிலேயே நேரம் ஒதுக்கிய பணியிடம் வேண்டும். பிஎச்.டி.யில் கழித்த ஆண்டுகள் பணிமூப்பில் சேர வேண்டும். அந்த ஆண்டுகளுக்கான ஊதியம் அதே நிலையில் உள்ள மருத்துவரின் ஊதியத்துக்குக் குறையக் கூடாது. இவர்கள் ஒவ்வொருவரிடமும் ஆண்டுக்கு நான்கு எம்.பி.பி.எஸ். மாணவர்கள் இரண்டு மாதம் பயிலட்டும். எத்தனை கட்டுரை வந்தது என்று ஆண்டுதோறும் எண்ணாமல், ஐந்தாண்டு கழித்து எந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது, அதனால் எந்த வார்டில் எந்த வைத்தியம் மாறியது என்று பார்த்து மதிப்பிடட்டும். தர்மபுரிக்கும் ராமநாதபுரத்துக்கும் வரும் நோயாளிகள் வேறு, அவர்களுடைய நோய்களும் வேறு. கேள்விகளையும் அந்தந்த ஊர்க் கல்லூரியே வகுத்துக்கொள்ளட்டும். மொத்த மருத்துவப் பணியிடங்களோடு ஒப்பிட்டால் 72 என்பது கண்ணுக்கே தெரியாத எண்ணிக்கை. ஓர் அரசாணையில் தொடங்கலாம், அடுத்த கல்வியாண்டிலேயே.